முக்கோணம் ஆண், வட்டம் பெண்

மானிடவியல் படிக்கிறேன் என்று சின்ன காஞ்சிபுரத்தில் சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். "அத படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பது முதலாவது. "அது இங்க எங்கயும் இல்லையா?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எந்த இளங்கலைப் பட்டதாரியிடமும் உருப்படியான பதில் கிடையாது, அதனால் அதை விட்டுவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய கல்லூரிகளில் வணிகவியல் இருக்கும், கணினி அறிவியல் இருக்கும், ஆங்கிலமும் கணிதமும் இருக்கும். மானிடவியலை இளங்கலையிலேயே படிக்க ஆசைப்படும் பெண் பெரும்பாலும் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டியிருக்கிறது. நானும் அப்படித்தான் வடக்கே ஒரு நகரத்துக்குப் போய் மூன்று வருடம் படித்தேன். நெசவு வீட்டில் மூத்த பெண்ணை இரண்டு நாள் ரயில் தூரத்துக்கு அனுப்புவது லேசான காரியம் இல்லை. அந்தச் சண்டையை இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அது நடந்திருக்கும்.

இந்தப் படிப்பு இந்தியாவில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது கல்கத்தாவில், 1920ஐ ஒட்டி, ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால். அங்கே தொடக்ககால ஆசிரியராக அழைக்கப்பட்டவர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டுக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து, கொச்சி சமஸ்தானத்துச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். நம் பக்கத்து ஆள் வங்காளத்துக்குப் போய்ப் பாடம் சொல்லித் தொடங்கிவைத்த படிப்பு நம் மாகாணத்துக்கு வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறை 1945இல் தொடங்கியது. அதன் பிறகும் அது முதுகலையாகவும் ஆய்வாகவும் மேலேயே நின்றது. பிளஸ் டூ முடித்த பெண்ணின் கைக்கெட்டும் கீழ்க்கிளைக்கு இறங்கி வரவில்லை.

அதே காலத்தில் நம் பெண்கள் கல்லூரிகளில் வேறொரு துறை நன்றாக வேர்விட்டது: மனையியல். கோயம்புத்தூரில் 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி அதற்கென்றே தொடங்கப்பட்டது. மனையியல் படித்து ஆராய்ச்சியாளர்களாக, ஊட்டச்சத்து வல்லுநர்களாக வளர்ந்த பெண்கள் ஏராளம். அந்தப் படிப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பெண்களுக்கு எது தகும் என்று முடிவு செய்தவர்கள் குடும்பத்தை நடத்தக் கற்றுக்கொடுக்கும் படிப்பைத் திறந்துவைத்தார்கள். குடும்பம் என்ற ஏற்பாடு எப்படி வந்தது, அதில் யார் யாருக்கு என்ன உரிமை என்று கேட்கும் படிப்பைப் பற்றி அவர்களுக்கு அந்த அவசரம் இருக்கவில்லை.

எனக்கு இந்தத் துறையின் பெயரே தமிழ் வழியாகத்தான் தெரிந்தது. மாவட்ட நூலகத்தில் பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' கிடைத்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் மேசையை அடைத்துக்கொண்டிருந்ததால் அலமாரிக்கு அருகே தரையில் உட்கார்ந்து படித்த புத்தகம். ஆங்கிலத்தில் நீண்ட காலம் இதை 'மேன்' பற்றிய அறிவியல் என்றே விளக்கி வந்தார்கள். தமிழில் மானிடர் என்றால் ஆணும் பெண்ணும் எல்லாரும்தான். சொல் நம்மிடம் நன்றாகவே இருந்தது.

முதல் வருடச் செய்முறை வகுப்பில் எங்கள் கையில் கொடுத்தது புத்தகம் இல்லை, காலிப்பர். வளைந்த இரண்டு கால்கள் உள்ள இரும்புக் கருவி. பெண்கள் பெண்களுக்கும் பையன்கள் பையன்களுக்கும் தலையை அளக்க வேண்டும். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். 75க்குக் கீழே என்றால் நீண்ட தலை, 80க்கு மேலே என்றால் அகன்ற தலை. பிறகு மூக்கு. இன்றைக்கும் இந்திய இளங்கலைப் பாடத்திட்டங்களில் இந்த அளவெடுப்பு இருக்கிறது. உடல் வளர்ச்சி, ஊட்டச்சத்து, தடயவியல் என்று இப்போது வேறு பயன்கள் சொல்கிறார்கள். ஆனால் கருவியின் கதை வேறு.

ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலைவராக இருந்தவர், மூக்கின் அகலத்துக்கும் சாதிப்படிக்கும் தொடர்பு உண்டு என்று நம்பினார். மேலே போகப் போக மூக்கு மெலியுமாம். சென்னையில் அந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1901இல் மாகாணத்தின் இனவரைவியல் பணியும் அவரிடம் வந்தது. கே. ரங்காச்சாரியின் உதவியோடு அவர் தொகுத்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. வயநாட்டுக்கு அளவெடுக்கப் போனபோது அங்கிருந்த பணியர் பெண்கள், தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப்போய்ப் பஞ்சடைத்து மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று நம்பினார்களாம். தர்ஸ்டன் இதை ஒரு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்றுதான் படுகிறது. அளக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்களே என்றாலும், அளவுகோலின் நோக்கத்தை வாய்விட்டுச் சொன்னவர்கள் அவர்கள்.

இதே காலிப்பரைப் பிடித்த ஒரு இந்தியப் பெண்ணையும் அந்த ஆய்வகத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஐராவதி கார்வே 1905இல் பர்மாவில் பிறந்தவர். ஐராவதி ஆற்றின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். 1920களின் இறுதியில் பெர்லினுக்குப் போனார். அங்கே அவருடைய வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர், பின்னால் நாஜிகளின் இனக்கொள்கைக்குத் துணைபோன அறிஞர். மண்டையோட்டின் இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன, அது இனத்துக்கு இனம் மாறுகிறதா என்பது கார்வேக்குத் தரப்பட்ட ஆய்வு. வரிசையாக மண்டையோடுகளை அளந்து, இனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுதிக்கொடுத்து 1930இல் பட்டம் வாங்கினார். அந்த ஊரில், அந்த ஆசிரியரிடம், வெளிநாட்டுப் பெண் ஒருத்தி எண்களை வைத்து 'இல்லை' என்று சொன்னார். நாட்டுக்குத் திரும்பி 1939இல் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்தார். மகாபாரதம் பற்றிய அவருடைய 'யுகாந்தா'வைப் படித்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். மண்டையோடு அளந்த கார்வேயை அறிந்தவர்கள் குறைவு.

இரண்டாம் வருடம் உறவுமுறை. வகுப்பில் முதல் பாடமே குறிகள்தான். முக்கோணம் ஆண், வட்டம் பெண். இரண்டு கோடு திருமணம். ஒற்றைக் கோடு பிறப்பு. இறந்துபோனவர் மேல் ஒரு சாய்கோடு. நடுவில் யாரிடமிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அவர் 'தான்'. பாடநூல்களில் பெரும்பாலும் அந்தத் 'தான்' ஒரு கறுப்பு முக்கோணம்.

வடக்கத்திப் பிள்ளைகள் திணறிய இடத்தில் எனக்கு எல்லாம் எளிதாக இருந்தது. அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மாமனாரும் மாமா என்பது அவர்களுக்குப் பெரிய புதிர். எனக்கு அது பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறவர்களின் பட்டியல். இந்த முறைதான் உறவுமுறை ஆய்வு என்ற துறையின் பிறப்பிலேயே இருக்கிறது என்பதை அப்போது அறிந்தேன். லூயி ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் நியூயார்க் பக்கத்துப் பூர்வகுடிகளின் உறவுச்சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரிமார் அவருக்குத் தமிழ் உறவுச்சொற்களைக் கொடுத்தார்கள். இரண்டும் அமைப்பில் ஒத்திருந்ததைக் கண்டு அவர் அதிர்ந்து போனார். 1871இல் வந்த அவருடைய பெரிய நூலுக்கு அந்த ஒற்றுமை அடிப்படைகளில் ஒன்று. வேலூர் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு காலைப்பொழுது. 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இந்தக் குடும்பத்துப் பெண்தான்.

கார்வே 1953இல் எழுதிய இந்திய உறவுமுறை நூலில், வடக்கே மணமாகிப் போகும் பெண் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகிறாள், தெற்கே அத்தை வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ போவதால் அவள் அந்நியள் ஆவதில்லை என்று ஒப்பிடுகிறார். வகுப்பில் பேராசிரியர் இதைச் சொன்னபோது மற்ற பெண்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். நான் எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்த பெண் அடிபட்டுத் திரும்பி வந்தால் போவதற்கு வேறு வீடு இல்லை. அடித்தவன் அம்மாவின் தம்பி. புகார் சொல்ல வேண்டியது அம்மாவிடம், யார் மேல் என்றால் அவள் தூக்கி வளர்த்தவன் மேல். 'முறைப்பெண்', 'உரிமை' என்ற சொற்களை வரைபடத்தில் இரண்டு கோடாகப் போடும்போது அந்த உரிமை யாருடையது என்பது தெரிவதில்லை. கார்வே பார்த்தது பொய் என்று நான் சொல்லவில்லை. பழகிய முகம் என்பது பாதுகாப்பு என்று அவர் எடுத்துக்கொண்ட இடத்தில்தான் எனக்கு இடறுகிறது.

இதற்கான விடை எனக்குக் கிடைத்த இடம் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தது. 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். மாணவர் அம்பேத்கர், கட்டுரை இந்தியாவில் சாதிகள் பற்றியது. சாதியின் உயிர்நாடி அகமணம். ஒரு குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்துவிட்டால் மிஞ்சும் பெண்ணை என்ன செய்வது? எரிப்பது அல்லது கட்டாய விதவைக்கோலம். மனைவியை இழந்த ஆணுக்கோ சிறுமியைக் கட்டிவைப்பது. சதி, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் சாதியைக் காப்பாற்றும் கருவிகள் என்று கணக்குப் போடுவதுபோல நிறுவிக்காட்டினார். மானிடவியல் மாணவர் ஒருவர் வகுப்புக்காக எழுதிய கட்டுரை அது. உறவுமுறைப் பாடத்தின் முதல் வாரத்தில் வைக்க வேண்டியதை மூன்று வருடத்தில் ஒரு ஆசிரியரும் எங்களிடம் குறிப்பிடவில்லை.

கடைசி வருடம் களப்பணி. எங்காவது 'வெளியே' போக வேண்டும் என்பது துறையின் பழக்கம். மலைக்கிராமம் என்றால் உத்தமம். நான் சின்ன காஞ்சிபுரத்தைக் கேட்டேன். சொந்த ஊர் களம் ஆகாது, கண்ணுக்குப் பழகிப்போனது தெரியாது என்றார்கள். அந்த எச்சரிக்கையில் உண்மை உண்டு. ஆனால் காஞ்சிபுரம் ஏற்கெனவே பலருடைய களம்தான். இவோன் ஆர்ட்டர்பர்ன் எங்கள் ஊர்ப் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வந்தது. மேட்டிசன் மைன்ஸ் கைக்கோளர்களைப் பற்றி 1984இல் எழுதினார். பத்மசாலியர் பற்றிய ஆர்த்தி காவ்லாவின் நூல் 2018இல் வெளியானது. விஜயா ராமசாமி இடைக்கால நெசவாளர் வரலாற்றை எழுதியபோது காஞ்சிக் கைக்கோளர் அதில் முன்வரிசையில் நின்றார்கள்: விஜயநகரக் காலத்தில் சங்கு ஊதவும் பல்லக்கில் போகவும் அவர்கள் பெற்றிருந்த உரிமையை முன்மாதிரியாகக் காட்டி மற்ற ஊர்க் கைக்கோளர்கள் அதே உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். இத்தனை பேர் வந்து பார்த்த ஊரை, அங்கே பிறந்தவள் பார்க்கக் கூடாது என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

கேள்வித்தாளில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆண்களிடம் கேட்டால் "நெசவு". பெண்களிடம் கேட்டால் "வீட்லதான் இருக்கேன்". இதைச் சொன்ன அக்காவின் ஒரு கை ராட்டையில் இருந்தது. தார் சுற்றிக்கொண்டே சொன்னார். இரண்டு நாள் அந்தப் பதிலையே எழுதிக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் கேள்வியை மாற்றி, "நேத்து காலைல எழுந்ததுலேருந்து தறிக்குன்னு என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். பக்கம் பக்கமாக வந்தது. விடியும் முன் தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடித்தது. அறுந்த இழையைப் பிணைத்தது. பழைய பாவின் முனையோடு புதுப் பாவை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்த்தது. ஊடைக்குத் தார் சுற்றியது. ஜரிகையைச் சிக்கல் இல்லாமல் பிரித்தது. மதியம் கோர்வைக்கு உட்கார்ந்தது.

கோர்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையே அதில்தான். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் வெவ்வேறு ஊடையால் நெய்யப்பட்டு ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவரால் தனியாக முடியாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி விட வேண்டும். என் அம்மா தலைமுறையில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் வீட்டுக் குழந்தை. குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கங்கள் வந்து, பள்ளிக்கூடம் பிள்ளைகளை எடுத்துக்கொண்ட பிறகு அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்தார். கூலி சேலைக்குத்தான், ஆளுக்கு இல்லை. பத்துப் பதினைந்து நாள் இருவர் உட்கார்ந்து முடித்த சேலைக்குக் கூலி ஒருவர் கைக்கு வரும். நான் போன பெரும்பாலான வீடுகளில் சங்கத்து உறுப்பினர் அட்டை ஆண் பெயரில் இருந்தது. 2019–20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் 72 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் நெசவே பெண்கள் கையில் இருப்பதால் அந்த எண் ஏறுகிறது என்பது உண்மை. எங்கள் தெருவில் "வீட்லதான் இருக்கேன்" என்ற பதில் கணக்கில் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்பதும் யோசிக்க வேண்டியது.

ஊர்க்காரி என்பதால் அடுப்படி வரை போக முடிந்தது. ஊர்க்காரி என்பதால் தறிமேடையில் ஆண்களோடு உட்கார்ந்து கூலிப் பேரத்தைக் கேட்க முடியவில்லை. மணிமேகலை நினைவுக்கு வந்தாள். வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்பதற்கு அவள் ஆண் துறவி வேடம் எடுக்கிறாள். இளம்பெண் என்றால் யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. பிறகு அவள் வந்து சேர்ந்த ஊர் காஞ்சி. கணிகையர் குலத்தில் பிறந்து, அந்த வாழ்க்கை வேண்டாம் என்று கிளம்பி, அறவண அடிகளிடம் தருக்கம் படித்த பெண். எங்கள் ஊருக்குப் படிக்க வந்த பெண்களில் இலக்கியம் பதிந்துவைத்த முதல் பெண் அவளாகத்தான் இருக்கும்.

களப்பணிக்கு நடுவில் தர்ஸ்டனின் மூன்றாம் தொகுதியைத் திறந்தேன். கைக்கோளன் என்ற தலைப்பு. நான் பிறந்த சாதி அது. இன்று செங்குந்தர் என்கிறோம். வீரபாகு கதை இருக்கிறது, நெசவு இருக்கிறது. அப்புறம் ஒரு செய்தி: கைக்கோளக் குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணாவது கோயில் பணிக்கு விடப்பட வேண்டும் என்கிறார். பொட்டுக்கட்டும் சடங்கை விரிவாக விவரிக்கிறார். தாசிகள் அநேகமாகக் கைக்கோளரிலிருந்தும் வேளாளரிலிருந்தும் வந்தவர்கள் என்றும் சொல்கிறார். விடுதி நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பார்க்காதபடி பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன்.

ஆயாவிடம் கேட்டேன். "நம்ம வீட்ல எல்லாம் கெடையாது. அது வேற தெரு" என்றார். எந்தத் தெரு என்று கேட்டால் கையை ரங்கசாமி குளம் பக்கமாக வீசினார். அந்தப் பக்கத்தில் களப்பணியில் பழக்கமான ஒரு பாட்டியிடம் கேட்டேன். அவரும் வேறு தெரு என்றார். அவர் கை காட்டிய திசையில் எங்கள் தெரு இருந்தது.

தர்ஸ்டன் ஒரு சாதியின் ஒரு வழக்கத்தை எடுத்து எல்லாக் குடும்பத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் விதியாக எழுதினார் என்று மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். அவருக்குத் தகவல் சொன்னவர்கள் யார், அதில் ஒரு பெண்ணாவது உண்டா என்று கேட்கவும் வேண்டும். ஆனால் எங்கள் சாதிப் பெரியவர்கள் மறுக்கிற விதம் வேறு. அவர்களுக்குத் தர்ஸ்டனின் தவறு, 'நம் பெண்களை' இழிவுபடுத்தியது. அந்தப் பெண்கள் இருந்தார்களா, எப்படி வாழ்ந்தார்கள் என்பது அவர்களுடைய கேள்வியில் இல்லை. என் அக்கறை அங்கேதான் இருக்கிறது.

கல்வெட்டுகளில் அந்தப் பெண்கள் கூச்சமில்லாமல் நிற்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் வீட்டு வரிசையும் கல்லில் இருக்கின்றன. சோழர் காலக் கோயில் பெண்களைப் பற்றி 2000இல் நூல் எழுதிய லெஸ்லி ஓர், கல்வெட்டுகளில் அவர்கள் ஆடுபவர்களாகக் காட்சியளிப்பதைவிடக் கொடையாளிகளாகவே மிகுதியும் தெரிகிறார்கள் என்று காட்டினார். விளக்கு வைத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாகக் கோயிலில் ஒரு இடம் பெற்றார்கள். பிற்காலத்திலும் அவர்களிடம் சொத்து இருந்தது, எழுத்து இருந்தது. பெண்ணைத் தத்தெடுத்து அவளுக்கே சொத்தை விடும் வழக்கத்தை ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் ஏற்றன. எங்கள் ஊரிலேயே காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்ற பெயரைக் கேட்காத சங்கீதக்காரர் இல்லை. அவருடைய தங்கை காமாட்சி அம்மாளின் மகன்தான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. இசை வரலாறு தங்கை மகனைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பெரியம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை.

இதை எழுதுவதால் பொட்டுக்கட்டுதலை நான் பொன்னுலகம் ஆக்கிவிடவில்லை. வயதுக்கு வராத பெண்ணை அவளைக் கேட்காமல் விட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார்; 1929இல் தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் சேவையிலிருந்து விடுவிக்கும் சட்டம் வந்தது, 1947இல் பொட்டுக்கட்டுவதே தடை செய்யப்பட்டது. அதற்கு எதிராகத் தேவதாசிகளே சங்கம் வைத்து மனுக் கொடுத்தார்கள் என்பதும் அதே வரலாறுதான். மானிடவியலாளர் அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரையில் ஒரு கசப்பான கணக்கைக் காட்டினார்: சீர்திருத்தத்தால் அந்தச் சமூகத்தின் ஆண்கள் மேளமும் நட்டுவாங்கமும் கையில் வைத்துக்கொண்டு சாதி மரியாதையும் பெற்றார்கள், பெண்கள் தொழிலையும் சொத்துரிமையையும் சேர்த்து இழந்தார்கள். சீர்திருத்தம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. வேண்டியிருந்த சீர்திருத்தத்தின் விலையை யார் கட்டினார்கள் என்பதே அங்கே கேள்வி.

உள்ளே இருந்தே எதிர்த்த குரலும் உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883இல் பிறந்தவர், தாசிகள் சூழலில் வளர்ந்து வெளியேறியவர், சுயமரியாதை இயக்கத்துக்காரர். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதினார். ஆனந்தி 1991இல் அதைப் பற்றி எழுதி, கண்ணபிரான் தாய்மகள் இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அந்தப் புத்தகத்தைத் திரும்பிப் பார்த்தன. தர்ஸ்டனின் தொகுதிகள் நூலக அலமாரியை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஆயாவின் உறவு வரைபடத்தை வரைய உட்கார்ந்தபோது ஆயாவையே 'தான்' ஆக்கினேன், கறுப்பு வட்டமாக. அவர் வரிசையாகச் சொன்னார். பிறந்து ஒரு வாரத்தில் போன மூன்று குழந்தைகளையும் போடச் சொன்னார். போட்டுச் சாய்கோடு இழுத்தேன். அவருடைய அப்பா பக்கத்தில் ஆறு பேர் என்றார், எண்ணினால் ஐந்து பெயர்தான் வந்தது. ஆறாவது ஆணா பெண்ணா என்று கேட்டேன். "பொட்டப்புள்ள. வட்டம் போட்டுக்கோ, பேரு எதுக்கு" என்றார். கல்யாணக் கோடு போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஆய்வேட்டில் அந்த வட்டம் பெயரும் கோடும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. அடிக்குறிப்பு எழுதவில்லை. அவர் சொல்லாததை நான் சொல்வதற்கில்லை.

2022இலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. புதுமைப் பெண் திட்டம் என்று சொல்கிறார்கள். முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். எங்கள் தெருவில் தறிவீட்டுப் பெண்கள் அந்தப் பணத்தை வாங்கிப் படிக்கிறார்கள். களப்பணியில் எனக்கு நாள் முழுக்கப் பதில் சொன்ன ஓர் அக்காவின் மகளும் அதில் ஒருத்தி. வங்கிப் புத்தகத்தைக் காட்டிக்கொண்டே அந்த அக்கா கேட்டார், "யாரும்மா இந்த மூவலூர் அம்மா? நம்ம ஊர்ப் பக்கமா?" மயிலாடுதுறைப் பக்கம் என்றேன். அப்புறம் உட்கார்ந்து மீதியையும் சொன்னேன். அவர் தார் சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.